மைனஸ் நாற்பது

“டீ ஊத்தியாச்சா டாக்டரம்மா?” என்று கேட்டபடியே விமானி நெவ், விமானத்தின் இடது இறக்கையை ஒரு சாய்ப்புச் சாய்த்து நிமிர்த்தினான்.

பிளாஸ்க் மூடியிலிருந்த டீ முழுக்க என் மடியில்.

இது இரண்டாவது தடவை. ஒவ்வொரு சுற்றிலும் இதே பக்கம் வரும்போது, இதே இடத்தில்தான் இந்தச் சேட்டை.

“யோவ், சூரியன் தப்பிப் போச்சு! என்னோட மூணு செகண்ட் அளவு வீணாப் போச்சுய்யா!”

அவன் முன் இருக்கையில் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம்கூட முழுசாக வரவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன். ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்து மலைக்காடு எரிந்துகொண்டிருந்தது, ஊர்களை நேற்றே காலி செய்தாகிவிட்டது. இதில் சந்தோஷப்படுகிறவளைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காடு மணிக்கு எத்தனை டன் புகையைக் கக்குகிறது என்று இதுவரை எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் சொல்லி வந்தார்கள். ஆறு வருடம் காத்திருந்து, இன்று நான் அளந்து சொல்லப்போகிறேன்.

நெருப்பைச் சுற்றிச் சதுரமாகப் பறக்க வேண்டும். விமானத்தின் கூரையில் ஒரு கண்ணாடி. அதன் வழியாகக் கருவி சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் எவ்வளவு புகை இருக்கிறது என்று திரையில் எண் வரும். காற்று போகும் பக்கத்தில் முந்நூறைத் தாண்டும். மற்ற மூன்று பக்கமும் சுத்தமான வானம், பூஜ்யம்.

காற்று வரும் பக்கத்துக்கு நான் வைத்த பெயர் சோம்பேறிப் பக்கம். அங்கே எனக்கு ஒரே வேலைதான், பூஜ்யப் பொத்தானை அழுத்திக் கருவியை நேர்செய்வது. அப்புறம் டீ. கீழே மண் பாதையில் தன்னார்வத் தீயணைப்புக்காரர்களின் மூன்றாம் நம்பர் வண்டி சிவப்புப் பொம்மை மாதிரி தெரியும். நான்கு பேர், நெருப்பைப் பார்த்தபடி நின்று புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம், எரிபொருள் மிச்சம் என்று காலையில்கூடச் சொல்லிப் பார்த்தேன். நெவ் காதிலேயே வாங்கவில்லை.

மூன்றாவது சுற்று. மறுபடி அதே பக்கம், மறுபடி அதே சாய்ப்பு.

இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக டீயைக் குடித்து முடித்திருந்தேன். ஆனால் திரையில் நாற்பது காட்டியது.

“பார்த்தியா, ஆட்டி ஆட்டிக் கருவியவே நகர்த்திட்ட!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு பூஜ்யப் பொத்தானை அழுத்தினேன். நாற்பது மறைந்தது.

முனை திரும்பினோம். சுத்தமான வானம்.

திரையில் மைனஸ் நாற்பது.

முதலில் சிரிப்புதான் வந்தது. புகையே இல்லாத வானத்தைவிடக் குறைவாக எப்படிப் புகை இருக்க முடியும்?

அப்புறம்தான் உறைத்தது. கருவி நகர்ந்திருந்தால் இங்கேயும் பூஜ்யம்தான் காட்டியிருக்க வேண்டும். கருவி சரியாகத்தான் இருக்கிறது. அங்கே நிஜமாகவே புகை இருந்திருக்கிறது, வெயிலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய புகை. அதைத்தான் நான் பூஜ்யம் என்று சொல்லி அழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சோம்பேறிப் பக்கத்தில் புகை வருகிறதென்றால் அதற்கும் அப்பால், காற்று வரும் திசையில் இன்னொரு நெருப்பு. அந்த நான்கு பேருக்கும் முதுகுப்புறத்தில்.

“திரும்பு! நெவ், திரும்பு! வண்டிக்குப் பின்னாடி நெருப்பு இருக்கு!”

திரும்பினால் சுற்று அறுந்துவிடும். இருக்கிற எரிபொருளுக்கு இன்னொரு முழுச் சுற்று கிடையாது. ஆறு வருடம் அத்தோடு போச்சு. அது அவனுக்கும் தெரியும். நிச்சயமாத்தானா என்று கேட்பான் என நினைத்தேன். அதற்குள் என்னை இருக்கையோடு வைத்து அழுத்திக்கொண்டு விமானம் திரும்பியது.

ஓடைச் சரிவில் பார்த்தேன். போன வாரம் இடி விழுந்த மரம் ஏதாவது உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்திருக்க வேண்டும். மரங்களுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு மண் பாதையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

நெவ் ரேடியோவை எடுத்தான். குரலில் நடுக்கமே இல்லை.

“மூணாம் வண்டி, வேலைய அப்படியே போட்டுட்டு ஏறுங்க. உங்களுக்குப் பின்னாடி நெருப்பு. வடக்க, எரிஞ்சு முடிஞ்ச மேட்டுக்குப் போயிருங்க. இப்பவே.”

பொம்மை வண்டி நகர்ந்தது.

நான் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு “ஓட்டு, ஓட்டு, ஓட்டு” என்று கத்தினேன். அவர்களுக்குக் கேட்காது என்பதே நினைவில்லை.

வண்டி கறுத்த மேட்டில் ஏறி நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பின்னால் பாதை முழுவதையும் தீ மூடியது.

நான் அவன் இருக்கையின் முதுகைக் குத்திக் குத்திக் கூச்சல் போட்டேன். என் வாழ்க்கையில் எந்த எண்ணுக்கும் நான் அப்படிக் கத்தியதில்லை. நெவ் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

ரேடியோ கரகரத்தது. வழக்கமாக வண்டி நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார்கள். இந்தக் குரல் சொல்லவில்லை. ஒரு இளம்பெண், மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

“நாலு பேரும் நல்லாருக்கோம். அப்பா, ஏன் இந்தத் தடவ மட்டும் ரெக்கைய ஆட்டாமப் போயிட்ட?”

நெவ் விமானத்தைத் திருப்பினான்.

மேட்டுக்கு மேலே வந்து, இடது இறக்கையை ஒரு சாய்ப்புச் சாய்த்து நிமிர்த்தினான். பிளாஸ்க் உருண்டு, மிச்சமிருந்த டீயெல்லாம் என் காலடியில் கொட்டியது.

“இன்னொரு தடவ ஆட்டுய்யா” என்றேன்.