இரண்டாவது வெளிச்சம்

"பொணத்தைப் போட்டோ எடுக்கப் போறவனுக்கு எதுக்குப்பா இவ்ளோ அவசரம்? அது என்னா எழுந்து ஓடிடப் போவுதா?"

கேட்டுவிட்டு வேணுகோபாலே சிரித்துக்கொண்டான். பெரிய காஞ்சிபுரத்தில் ரேடியோ, டார்ச், கேமரா சாமான் விற்கிற கடை அவனுடையது. அப்பா காலமானதிலிருந்து கல்லாவில் உட்காருவது அவன்தான். எதிரே நின்ற மயில்வாகனம் சிரிக்கவில்லை.

மயில்வாகனம் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் தம்பிகள் தறியில் உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, குடும்பத்தோடு கடைசியாக ஒரு படம் எடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்கு இவனைத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு முசரவாக்கத்தில் பொன்னியம்மாள் என்பவர் இறந்துபோயிருந்தார். அழைத்துப்போக வந்த மகன் பழனி, சிவந்த கண்ணோடு தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எட்டு மாசமா இந்தப் பக்கமே காணோம். இன்னைக்கு வந்து நின்னுக்கினு ஃப்ளாஷுக்கு பேட்டரி செல்லு உடனே குடுன்றே" என்றான் வேணுகோபால். "சாதா செல்லையே போட்டுக்கினு போயேன். புதுசா நாலு தரேன்."

"ஒரு தடவை ஃப்ளாஷ் அடிச்சா, அடுத்ததுக்கு ரெடின்னு அதுல விளக்கு எரிய எவ்ளோ நேரம் ஆவும்?"

"புது செல்லுன்னா பத்து பன்னெண்டு செகண்டு. பழசாச்சுன்னா ஒரு நிமிஷம் கூட இழுக்கும்."

"சார்ஜ் பண்ற செல்லு?"

வேணுகோபாலுக்கு வியாபார உற்சாகம் வந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து தருவித்த இரண்டு சார்ஜர்களை எடுத்து வைத்தான்.

"இது ரெண்டு செல்லுக்கு, இது நாலுக்கு. உன் ஃப்ளாஷுக்கு நாலு வேணும், இதையே எடுத்துக்கோ. அஞ்சாறு செகண்டுல விளக்கு எரிஞ்சிடும். ஆனா சும்மா வெச்சிருந்தா சார்ஜ் தானா இறங்கிடும், மாசக்கணக்கா பொட்டியில போட்டு வெக்காதே. புது செல்லை முதல்ல பதினாலு மணி நேரம் போட்டு வெக்கணும். நம்மூரு கரண்டு கட்டுல அதுக்கே ரெண்டு நாள் ஆவும்."

"ஏற்கெனவே சார்ஜ் பண்ணது எதுவும் இல்லியா?"

"நாலு இருக்குது. ஆதிகேசவனுக்குன்னு போட்டு வெச்சிருக்கேன். நாளைக்கு அவன் ஒரு கல்யாணத்துல போட்டோ எடுக்கணும்."

"அதை எனக்குக் குடு."

"ஒரே ஒரு போட்டோ எடுக்கப் போறே, அதுக்குப் போயி..."

"ரெண்டு எடுப்பேன். அடுத்தடுத்து."

தெருவிலிருந்து பழனி குரல் கொடுத்தான். "அண்ணே, நேரமாவுது. நாலு மணிக்கெல்லாம் அம்மாவை எடுத்துடணும்ன்றாரு சித்தப்பா."

மயில்வாகனம் அவசரமாக ஃப்ளாஷின் மூடியைத் திறந்து பழைய செல்களைக் கல்லாவின் மேல் கொட்டினான். "என்னாச்சு மயிலு?"

மயில்வாகனம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒரு வீட்டுல நாற்காலியில உக்கார வெச்சிருந்தாங்க. மூக்குல பஞ்சு, வாயை மூடித் துணி கட்டியிருந்துது. ஃப்ளாஷ் அடிச்சேன். அந்த வெளிச்சத்துல இமை ரெண்டும் இறுகுச்சுப்பா. வெயில்ல நாம கண்ணை இறுக்கிக்கிறோமே, அந்த மாதிரி."

பட்டப்பகலில், ஆள் நடமாட்டம் உள்ள தெருவில், வேணுகோபாலுக்கு உடம்பு சிலிர்த்தது.

"உன் கண்ணு கூசியிருக்கும்."

"தறி வீட்டுல பொறந்தவன் நான். ஒரு இழை நகர்ந்தாலும் தெரியிற கண்ணு. ஆனாலும் சந்தேகம். இன்னொரு தடவை அடிச்சா தெரிஞ்சிடும்னு நின்னேன். பழைய செல்லு. விளக்கு எரியவே மாட்டேங்குது. எண்பது வரைக்கும் எண்ணினேன். அதுக்குள்ள தூக்கிட்டாங்க."

"வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"என்னான்னு சொல்றது? மோளச் சத்தம், அழுகை. நான் சொல்லி அது பொய்யா போயிருந்தா? அந்த பயத்துல நாக்கே எழல. அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல. எந்தச் சாவுக்குப் போனாலும் ரெண்டு எடுக்குறேன். முதல் வெளிச்சத்துல ஏதாவது அசைஞ்சா, அவங்க தூக்குறதுக்குள்ள ரெண்டாவதும் அடிச்சுப் பார்த்துடணும். இந்தம்மாவுக்கும் அப்படித்தான்."

வேணுகோபால் உள்ளே போனான். ஆதிகேசவனின் செல்களை எடுத்துவந்து, தானே ஃப்ளாஷில் போட்டு ஒரு தடவை அடித்துப் பார்த்தான். ஆறு எண்ணுவதற்குள் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"எடுத்துக்கினு போ. ஆதிகேசவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றவன், மனசு கேட்காமல், "எந்த வீடுப்பா அது? ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா என்னா கெட்டுப் போயிருக்கும்? அவ்ளோ அவசரமா தூக்கினவன் ஒரு மனுஷனா?" என்று கேட்டான்.

மயில்வாகனத்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஐயம்பேட்டை பக்கம். உனக்குத் தெரியாதவங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி, பழனியின் சைக்கிளில் ஏறிக்கொண்டான்.

ஐயம்பேட்டையில் அவன் எந்தச் சாவுக்கும் போனதில்லை. எட்டு மாசத்துக்கு முன்னால், விளக்கு எரியட்டும் என்று கேமராவும் கையுமாக அவன் தவித்து நின்றபோது, "போதும்பா, ராகு காலம் பொறக்கப் போவுது, அப்பாவைத் தூக்குங்க" என்று சொன்னவன் வேணுகோபால்தான்.