சீட்டு வந்தால்தான் சட்டை

"சட்டை ரெடி மேடம். ஆனா தர முடியாது."

சொல்லிவிட்டுத் தையல்காரி நீலச் சட்டையை மடித்தாள். மிஷின் மேசையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சட்டைக்குச் சொந்தக்காரப் பெண்மணி கைப்பையைத் தொப்பென்று மேசைமேல் வைத்தார். "விளையாடாதேம்மா. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு நான் மேடையில நிக்கணும்."

"மணி இப்ப மூணுதானே ஆகுது. மஞ்சள் சீட்டுல முத்திரை வாங்கிட்டு வாங்க. அயர்ன் பண்ணியே தர்றேன்."

தையல்காரப் பெண்கள் சங்கமும் எதிர்ச்சாரியில் இருக்கும் ஆஸ்பத்திரியும் கைகோத்து எட்டு மாதமாகிறது. வீட்டில்கூட வாய் திறக்காத பெண்கள், அளவெடுக்கிறவளிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதைக் கண்டுபிடித்தது ஆஸ்பத்திரிதான். சங்கத்தின் பதினாறு பேருக்கும் இரண்டு நாள் வகுப்பு நடந்தது. அன்றிலிருந்து, நாற்பது தாண்டிய பெண் யார் தைக்கக் கொடுத்தாலும் கையில் ஒரு மஞ்சள் சீட்டு. எதிரே போய், புற்றுநோய் இருக்கிறதா என்று மார்பகத்தைப் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டு, சீட்டில் முத்திரையோடு வர வேண்டும்.

இந்தப் பெண்மணிக்கு நாற்பத்தெட்டு. இதுவரை மூன்று சீட்டு வாங்கியிருக்கிறார். ஒன்றிலும் முத்திரை இல்லை.

"எனக்கு நேரம் எங்கேம்மா இருக்கு?"

"இருபது நிமிஷ வேலை மேடம். நீங்க இங்க வந்து நின்னே பத்து நிமிஷம் ஆச்சு."

"எனக்கு ஒண்ணும் இல்ல. கட்டி எதுவும் தட்டுப்படல."

"கையில தட்டுப்படறதுக்கு முன்னாடியே படத்துல தெரிஞ்சிடலாம். அதுக்குத்தானே படம்."

பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கே."

"பாடம் எடுத்தவங்க அப்படி."

மூலையில் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த நாத்தனார் எழுந்து வந்து தையல்காரியின் முழங்கையை இடித்தாள். "அண்ணி, யார்கிட்ட பேசுறோம்னு பார்த்துப் பேசுங்க. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னா?"

"நீ போய்க் காஜாவைப் பாரு."

குரல்தான் கறார். இவர் முகம் திருப்பிக்கொண்டால், இவரைப் பார்த்து இந்தக் கடைக்கு வருகிற பாதிப் பேரும் முகம் திருப்பிக்கொள்வார்கள். ஆனாலும் சாவியை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

"தைக்கக் கொடுத்த சட்டையைப் பிடிச்சு வச்சுக்கிறது என்ன நியாயம்?"

"வகுப்புல சொன்னாங்களே மேடம். 'சீட்டோட வராதவங்க சட்டையைப் பிடிச்சு வச்சுக்கோங்க, தானா போவாங்க'ன்னு."

"அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னதும்மா."

"நாங்க நோட்டுல எழுதிக்கிட்டோமே. இப்ப பதினாறு கடையிலயும் அதான் சட்டம். எங்க சங்கத் தலைவி போன வாரம் சொந்த மாமியார் சட்டையையே பூட்டி வச்சிட்டாங்க. அந்தம்மா மருமகளைத் திட்டிக்கிட்டே நைட்டியோட போய்ப் படம் எடுத்துட்டு வந்தாங்க."

பெண்மணி சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி, நீயே வச்சுக்கோ. நான் பழைய சட்டையைப் போட்டுக்கிறேன்."

வாசல்படி வரை போய்விட்டார். நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டாள். தையல்காரி மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து வழியில் நின்றாள். இப்போது அவள் குரலில் கறார் இல்லை.

"மேடம், உங்க அக்காவுக்கு ஆபரேஷன் முடிஞ்சதும், ஒரு பக்கம் பஞ்சு வச்சு ஆறு சட்டை தைச்சுக் கொடுத்தது நான்தான். சீக்கிரமே கண்டுபிடிச்சதால அவங்க இன்னிக்கு நல்லா இருக்காங்க. போன மாசம் நீச்சல் உடையைச் சரிபண்ணிக் கொடுன்னு வந்து நிக்கிறாங்க. ஆனா அளவு பார்க்கும்போதெல்லாம் அவங்க சொல்றது ஒண்ணுதான். 'என் தங்கச்சிக்கு நீ இப்படிப் பஞ்சு வச்சுத் தைக்கிற மாதிரி ஆயிடக் கூடாது.'"

பெண்மணி பக்கத்திலிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பயமா இருக்கும்மா," என்றார். "அக்காவைப் பார்த்ததுல இருந்தே பயம். எல்லாம் தெரிஞ்சும் பயம்."

"அப்பாடா. இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். நேரம் இல்ல, கட்டி இல்லன்னு எத்தனை சுத்து சுத்தினீங்க." தையல்காரி கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி நாத்தனார் கையில் கொடுத்தாள். "கடையைப் பார்த்துக்கோ. வாங்க மேடம், நானும் கூட வர்றேன்."

"நீ எதுக்கு?"

"பாதி வழியில திரும்பிட்டீங்கன்னா?"

இரண்டு பேரும் சாலையைக் கடந்தார்கள். நடுவில் ஒருமுறை பெண்மணியின் நடை தயங்கியது. தையல்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் போன பிறகும் விடவில்லை.

படம் எடுக்கும் பிரிவில் பெஞ்சு நிறையப் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் சீட்டு. கவுன்டரில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்ததும் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"டாக்டர், தையல்காரங்களுக்கு நீங்க எடுக்கிற அடுத்த வகுப்பு நாளைக்குத்தானே? இன்னிக்கே தையல்காரம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டீங்களே?"

"இல்லம்மா," என்றார் டாக்டர். "அவங்கதான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்காங்க."