பரிதி கொடுத்த ரத்தம்

நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு அருகே ஐஸ் கம்பெனி கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. சுனாமியில் ஆளைப் பறிகொடுத்து, உடல் கிடைக்காமல் போன குடும்பங்களையெல்லாம் போலீஸ் கூப்பிட்டு ரத்தம் எடுத்தது. பரிதியும் போய்க் கொடுத்தான். அவனுடைய அப்பா வைரக்கண்ணுவுக்கு இன்னும் காரியம்கூடச் செய்யவில்லை. உடலைப் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அம்மா காத்தாயி பிடிவாதமாக இருந்துவிட்டாள்.

அன்று அம்மாவையும் அலை இழுத்துக்கொண்டுதான் போனது. ஆனால் மூன்றாம் நாள் அவள் முகாமுக்குத் தானே நடந்து வந்துவிட்டாள். காலில் மெட்டி மட்டும் இல்லை. அதற்குப் பிறகு அவள் கடற்கரைப் பக்கம் போனதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பரிதி சாப்பிட உட்கார்ந்தபோது இன்ஸ்பெக்டர் போன் செய்தார்.

"ரிசல்ட் வந்துருச்சு தம்பி. உங்க ரத்தத்தோட பொருந்துது."

"அப்பாதானா சார்?"

"இல்ல, அது பொம்பளையோட எலும்பு. உங்களைப் பெத்தவங்கதான்னு லேப்ல உறுதியாச் சொல்லிட்டாங்க. கால் விரல்ல மெட்டிகூட இருந்துச்சு. ஏன் தம்பி, அம்மாவும் போயிட்டாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

பரிதி போனைக் கீழே வைத்தான். அம்மா குழம்புச் சட்டியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவன் தட்டில் சோற்றைக் குழித்து மீன்குழம்பை ஊற்றினாள்.

"பொம்பளைன்னுட்டாங்களா?"

அவன் தலையாட்டினான்.

"இத்தன வருசமா எல்லாரும் அவரத்தான் தேடுனீங்க" என்றாள் அம்மா, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தபடி. "என்னை யாரும் தேடல."