மாம்பழ வாசனை

மாணவன் ஒருவனிடம் பறித்த இ-சிகரெட்டை, பஞ்சு வைத்த பாட்டிலில் பொருத்தினாள் ஆன் மேரி டீச்சர். பாட்டிலை அமுக்கி அமுக்கி விட, புகை உள்ளே ஏறியது. பஞ்சு மஞ்சளாகிப் பிசுபிசுத்தது.

"நுரையீரல்லயும் இப்படித்தான் ஒட்டும்."

"பழகிட்டா விட முடியுமா மிஸ்?" என்றாள் ராஜப்ரியா.

"ஏன் முடியாது? தவக்காலம் தொடங்குன அன்னிக்கே எங்க வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுட்டாக."

அதற்குள் வகுப்பெங்கும் அந்த இ-சிகரெட்டின் மாம்பழ வாசனை பரவியது. டீச்சர் பஞ்சை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் காரில் ஏறியதும், அழைத்துப்போக வந்த கணவர் பிலவேந்திரனின் மூக்கருகே அந்தப் பஞ்சை நீட்டினாள்.

"மோந்து பாருங்க. காருக்குப் புதுசா மாம்பழ செண்டு வாங்கியிருக்கேன்னு தவக்காலம் பூரா சொன்னீகளே, இதுதானே?"

பிலவேந்திரன் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

"பிள்ளைக முன்னாடி உங்களத்தான் உதாரணமாச் சொல்லிட்டு வந்திருக்கேன்."