ஆறாங்கட்டை வேகம்

"இன்னைக்கு அவன் பேரை வெட்டிடுங்க அண்ணே. சொல்பேச்சு கேட்காதவன் நமக்கு எதுக்கு?"

ரெங்கசாமி ஓடிக்கொண்டே கேட்டான். சபாபதி, முன்னால் ராதாகிருஷ்ணன் பிய்த்துக்கொண்டு போவதையே பார்த்துக்கொண்டு ஓடினார்.

அடுத்த மாதம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஓட்டப் பந்தயம். இருபது மைலுக்கு மேல். குழுவுக்கு மூன்று பேர். கடைசியாக வருகிறவன் எப்போது கோட்டைத் தொடுகிறானோ, அதுதான் குழுவின் நேரம். ஒருத்தன் மட்டும் பறந்து பிரயோஜனமில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து இவர்கள் மூவர். சபாபதி கிராணி, ஆபீசில் பேனா பிடிக்கிறவர். மற்ற இருவருக்கும் ரயில் பட்டறையில் வேலை. குழுத் தலைவர் சபாபதிதான். கையில் கடிகாரம், வாயில் உபதேசம்.

"மைலுக்கு ஒன்பது நிமிஷம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆறாங்கட்டைக் கடையிலே நின்னு ஆளுக்கு ஒரு கிளாஸ் எலுமிச்சந்தண்ணி. அப்புறம் பத்தாங்கட்டை வரைக்கும் போய்த் திரும்பணும்."

மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறு காலையும் இதே பாடம்தான். ராதாகிருஷ்ணனும் ஐந்தாங்கட்டை, அதாவது ஐந்தாவது மைல்கல் வரைக்கும் நல்ல பிள்ளையாக வருவான். அதைத் தாண்டியதும் பேய் பிடித்த மாதிரி ஓடுவான். மற்றவர்கள் கடைக்குப் போய்ச் சேரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அதற்குப் பிறகு அவனை இழுத்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

பெயர்களை நாளைக்குள் கொடுத்தாக வேண்டும். அவன் இடத்துக்குப் பட்டறை வேலாயுதம் தயாராக இருந்தான்.

"நீ இதே வேகத்துல வா. இவனை நான் இன்னைக்கு ஒரு கை பார்க்கிறேன்" என்றார் சபாபதி.

தன் சட்டத்தைத் தானே மீறி ஓட்டமெடுத்தார். நாக்கு வெளியே தள்ள, கடைக்கு வந்து சேர்ந்தார். பெஞ்ச் காலியாக இருந்தது.

கடையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

ராதாகிருஷ்ணன் தரையில் குந்தி, தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். குடித்து முடித்து, சிரட்டையைத் தானே கழுவி, வேலியிலிருந்த ஆணியில் மாட்டினான். திரும்பியவன் சபாபதியைக் கண்டதும் வெலவெலத்துப் போனான்.

"என்னடா இது கூத்து? உனக்கு எதுக்குச் சிரட்டை?"

உள்ளேயிருந்து கடைக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அவரைத் திட்டாதீங்க கிராணி ஐயா. நல்ல பையன். முதல் நாளே தனியா வந்து, 'அந்தச் சாதிக்காரன் நான்தான்'னு சொல்லிட்டாரு. கூட வர்றவங்க முன்னால சிரட்டையிலே குடிக்கக் கூச்சமாம். அதான் முன்கூட்டியே வந்து குடிச்சிட்டுப் போயிடுறாரு."

சபாபதிக்குத் தெரியும், அந்தச் சாதிக்காரன் ராதாகிருஷ்ணன் இல்லை. ரெங்கசாமி.

"எங்கள்ல ஒருத்தர் அந்தச் சாதின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நல்லா கேட்டீங்க போங்க! நீங்கதானே ஐயா சொன்னீங்க? மொத நாள் இந்தப் பெஞ்சுல உட்கார்ந்து, 'என் கூட ஓடுற ரெண்டு பேர்ல ஒருத்தன் ஆதிதிராவிடப் பையன். நான் சாதியெல்லாம் பார்க்கிறதில்லை'ன்னு பெருமையா சொன்னீங்களே. அன்னைக்கே ஆணி அடிச்சு சிரட்டையை மாட்டிட்டேன். அதைப் பார்த்துட்டுத்தான் இவர் பின்பக்கம் வந்தாரு."

சொல்லிவிட்டு அவர் கிளாஸ் கழுவப் போனார்.

சபாபதியால் ராதாகிருஷ்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீங்க கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவீங்க. அவனுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அவன் நம்ம கூட ஓட வரமாட்டான் அண்ணே."

"நாளைக்கு உன் பேரை வெட்டுறதா இருந்தேன், தெரியுமா?"

"தெரியும். இந்தப் பந்தயத்துல ஓடணும்னு எனக்கும் உசிரு. ஆனா ரெங்கசாமி கையிலே சிரட்டையைக் கொடுக்கிறதை என்னால பார்க்க முடியாது. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

தொப்தொப்பென்று காலடிச் சத்தம் கேட்டது. ரெங்கசாமி ஒரே சீரான வேகத்தில் வந்துகொண்டிருந்தான். மைலுக்கு ஒன்பது நிமிஷம், பிசகவில்லை.

கடைக்காரர் இரண்டு கிளாஸ் எலுமிச்சந்தண்ணியைப் பெஞ்சில் வைத்தார். ரெங்கசாமி கையை நீட்டினான்.

"வேண்டாம், எடுக்காதே" என்றார் சபாபதி.

"ஏன் அண்ணே? நாக்கு வறண்டு கிடக்குது."

"இந்தக் கடைத் தண்ணி இனிமே நம்ம மூணு பேருக்குமே வேண்டாம். அடுத்த வாரத்திலேருந்து நானே பாட்டில்ல ஊத்தி இடுப்புல கட்டிட்டு வர்றேன். இன்னைக்கு வறண்ட நாக்கோடயே பத்தாங்கட்டைக்குப் போவோம். ராதா, நடுவுல வா. மூணு பேரும் ஒரே வேகம். ஓடுங்கடா!"

கடைக்காரர் விழித்துக்கொண்டு நிற்க, மூவரும் சாலையில் இறங்கினார்கள். ராதாகிருஷ்ணனுக்கு மூச்சு வாங்கியது. சபாபதி அவன் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். கடிகாரத்தை எடுத்துப் பார்க்கவேயில்லை.

சிறிது தூரம் போனதும் ரெங்கசாமி அவர் பக்கமாக வந்து, மெதுவாகக் கேட்டான்.

"பேரை வெட்டலையா அண்ணே?"

"இல்லை. இவன் இல்லாம நான் ஓட மாட்டேன்."

"அப்ப, ஆறாங்கட்டை வந்தா மட்டும் இவன் ஏன் அப்படி ஓடுறான்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டேன்."

"என்ன காரணம்?"

சபாபதி சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"என் வாய்க்கொழுப்பு."