மூன்றாவது சாம்பிள்

“முதல் ரெண்டும் ஜடமாம். மூணாவதுக்கு மட்டும்தான் உயிர் இருக்காம்” என்று அபிராம் போனைக் கட்டிலில் போட்டான். “நாலு மணிக்கு ஷங்கரேட்டன் இங்கயே வரார். நேர்ல வாசிச்சுக் காட்டணுமாம்.”

“நல்லதுதானே. மூணாவது எந்த சாஃப்ட்வேர்?” என்றாள் அவன் மனைவி ஸுப்ரியா.

“இதோ இதுதான். ஆனா இப்ப வாசிச்சா அந்த சத்தம் வரமாட்டேங்கறது.”

கொச்சியில் கொச்சங்காடியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கை நாடக அரங்காக மாற்றியவர் ஷங்கர். முதல் நாடகத்தின் பின்னணியில், அந்தக் கால சிந்தசைஸர் போல ஒரு நாதம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். அசல் மெஷினுக்கு எங்கே போவது? அதைப் போலவே ஒலிக்கும் சாஃப்ட்வேர்கள் உண்டு. அபிராம் மூன்றை இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பிள் வாசித்து அனுப்பியிருந்தான். பேங்க் வேலையை விட்டு இசைக்கு வந்தவனுக்கு இதுதான் முதல் வாய்ப்பு. கைநழுவினால் கலூரில் இருக்கும் ஒரு ஸ்டூடியோக்காரருக்குப் போய்விடும்.

அவன் கீபோர்டில் ஒரு கறுப்புக் கட்டையை அழுத்தினான். ஸ்பீக்கரிலிருந்து நீளமாக ஒரு நாதம் எழுந்து, மர உத்தரம் வரை போய் அங்கேயே நின்றது.

“ஏன் எப்பவும் அந்தக் கட்டை?”

“தெரியலை. கை தானா அங்கதான் போறது.”

ஸுப்ரியா ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சரிபார்க்கும் எஞ்சினியர். எதையும் திறந்து பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“பழைய மெஷினுக்குள்ள ரெண்டு ஆஸிலேட்டர் இருக்கும், அபி. சத்தத்தை உண்டாக்கற சர்க்யூட். ரெண்டையும் ஒரே ஸ்வரத்துல வச்சாலும், சூடு ஏற ஏற ஒண்ணு துளி நழுவும். போட் ஜெட்டியில பக்கத்துல பக்கத்துல கட்டின ரெண்டு தோணியைப் பாரு. ஒரே தண்ணிதான், ஆனா ரெண்டும் சேர்ந்து எழுந்திருக்காது. ஒரு சமயம் சேரும், உடனே விலகும். அந்த ஆட்டத்தைத்தான் நம்ம காது உயிர்ங்கறது.”

“கம்ப்யூட்டருக்குள்ள ஏது தண்ணி?”

“இல்லை. அதனால பொய்யா ஆட்டிவிட ஒரு குமிழ் வச்சிருக்கா. டிரிஃப்ட்னு எழுதியிருக்கு பாரு. முதல் சாஃப்ட்வேரைத் திறந்தா விமானம் ஓட்டற மாதிரி எக்கச்சக்கக் குமிழ். புதுசா கத்துக்கறவாளுக்கு இந்த மூணாவதுதான் நல்லது. குமிழ் கம்மி. எதைத் திருகினா என்ன ஆறதுன்னு காதுக்கே தெரியும்.”

அவள் குமிழை மெல்லத் திருகினாள். நாதம் அசைந்தது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜன்னல் வழியே வந்த காயல் வெளிச்சம் சுவரில் ஊர்ந்துகொண்டிருந்தது.

“தோணி ஆடறது” என்றான் அபிராம். “அடியில காயல் இல்லை.”

“சாம்பிளை எப்படிப் பதிஞ்சே?”

“போனை ஸ்பீக்கர் கிட்ட பிடிச்சுண்டு.”

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். “அசடே. உள்ளேயே பதிய பட்டன் இருக்கு.”

“அது இன்னிக்குக் காலம்பறதான் தெரிஞ்சுது.”

“அப்ப போன் மைக் ஏதோ கள்ளத்தரம் பண்ணியிருக்கு. ரூம்ல வேற சத்தம் எதாவது இருந்துதா?”

“ஒண்ணுமில்லை. முதல் ரெண்டும் காலம்பற பதிஞ்சேன். மூணாவது சாயங்காலம், அம்மாவோட பாட்டு கிளாஸுக்கு முன்னாடி. வாயைத் திறக்கப்படாதுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் பதிஞ்சேன்.”

போனை வைத்துப் பதிந்து பார்த்தார்கள். ஸ்பீக்கரைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பதிந்தார்கள். தலையணை மேல் ஏற்றிப் பதிந்தார்கள். அந்த உயிர் வரவில்லை.

மாடிப் பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழேயிருந்து அம்மா கமலாக்ஷியின் குரல் வந்தது. “அபி, பாட்டுக் குட்டிகள் வர நேரமாறது. உன் ஒச்சை எப்ப நிக்கும்?”

“அம்மா, இன்னிக்கு ஒரு நாள் பாடாம இரேன். ஷங்கரேட்டன் வரார். என் பிழைப்பே இதுலதான் இருக்கு.”

“நான் எங்கடா பாடினேன்? பாய்தான் விரிக்கறேன்.”

ஸுப்ரியா இன்னொரு குமிழைத் திருகினாள். திரை அப்படியே உறைந்துபோனது. மவுஸ் நகரவில்லை.

“ஆஃப் பண்ணிட்டுப் போடு” என்றாள். “பதறாதே.”

லாப்டாப் அணைந்தது. அபிராம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். கீழே வாசல் கதவு திறக்கும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம். படியேறும் சத்தத்துக்காக அவன் காத்திருந்தான். அது வரவில்லை.

“அபிராம்” என்று ஷங்கரின் குரல் கீழேயிருந்து வந்தது, தூக்கத்தில் பேசுகிறவர் போல. “இதுதான். கையை எடுக்காதே. அப்படியே இருக்கட்டும்.”

அபிராம் இருண்ட திரையைப் பார்த்தான். ஸுப்ரியா அவனைப் பார்த்தாள். அப்போதுதான் இருவருக்கும் கேட்டது; பாதத்துக்கு அடியில், பலகை வழியாக, சேர்ந்தும் விலகியும் ஏறிவரும் நாதம். இருவரும் மண்டியிட்டு இடுக்கில் கண்ணை வைத்தார்கள்.

பாயில் சம்மணமிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் ஷங்கர்.

“கிளாஸ் தொடங்க இன்னும் நாழி இருக்கு, மோனே” என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் கமலாக்ஷி. “என் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியாக்கும் இது, கொஞ்சம் சூடேறினாத்தான் ஒழுங்கா நிக்கும், அதனால தினம் முன்னாடியே போட்டு வச்சுடுவேன்.”