அடுப்படியிலிருந்து பார்த்தால்

"கண்ணை மூடிக்குங்க அத்தா. தெருவாசல் வழியா நம்ம வீட்டுக்குள்ள நுழையுறீங்க. ஹால்ல என்னென்ன இருக்கு, சொல்லுங்க."

அப்துல் முத்தலிப் படுக்கையறைக் கட்டிலில் சாய்ந்தபடியே கண்ணை மூடினார். "ஜன்னல் கீது. சோபா. உங்கம்மாவோட தையல் மிஷின். அவ்ளோதான்."

மகள் சைமா பெருமூச்சு விட்டாள். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பூந்தமல்லி முழுக்க ஸ்கூட்டரில் சுற்றிய மனிதருக்கு இப்போது இடது பக்கம் என்று ஒன்றே இல்லை. தட்டில் வலது பாதியைத் தின்றுவிட்டு, "இன்னும் போடு" என்பார். நினைவிலும் அப்படித்தான், வலப்பக்கச் சாமான்கள் மட்டுமே வருகின்றன.

"அந்த பாலிசி பேப்பர் டப்பா எனக்கு வேணும் சைமா. ஒளிச்சு வெச்சது நான்தான், எடம்தான் வரமாட்டேங்குது. உங்கம்மா மார்க்கெட்லேர்ந்து வர்றதுக்குள்ள தேடிக் குடு!"

காலையிலிருந்து இதே நச்சரிப்பு. பீரோ, பரண் எல்லாம் தேடியாகிவிட்டது. சைமாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடுமே!

"சரி, இப்ப அடுப்படி வாசல்ல நிக்கிறீங்க. தெருவாசலைப் பாத்து. இப்ப சொல்லுங்க."

"ஷோகேஸ்... காலண்டர்... பழைய ஸ்பீக்கர் பொட்டி..." முத்தலிப்பின் முகம் மலர்ந்தது. "ஸ்பீக்கர்தான்! பின்னால பலகையைக் கழட்டு. தொறந்து கிறந்து பாக்காம அப்டியே எத்துகினு வா!"

சைமா ஹாலுக்கு ஓடினாள். பலகையைக் கழற்றியதும் உள்ளே தகர டப்பா! கண்டுபிடித்த சந்தோஷத்தில் அங்கேயே திறந்துவிட்டாள்.

பேப்பர் ஒன்றும் இல்லை. மூன்று சிகரெட் பாக்கெட், ஒரு லைட்டர். பத்து வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்!

எல்லாவற்றையும் கைப்பையில் திணித்துக்கொண்டு, டப்பாவை மூடினாள். கட்டிலைச் சுற்றிப் போய், அத்தாவின் இடது தோளருகே வைத்தாள்.

"பேப்பர் டப்பா உங்க பக்கத்துலயே இருக்கு அத்தா."

அவர் கை வலப்பக்கம் முழுக்கத் துழாவியது. "எங்கம்மா? இல்லியே!"

"பக்கத்துலதான். நல்லாப் பாருங்க."

சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றவளுக்கு, அடுத்த நிமிடம் கண் கலங்கிவிட்டது. பிசியோதெரபி கிஷோர் மூன்று மாதமாகக் கெஞ்சியும் அசையாத கழுத்து, ஒரு காலி டப்பாவைத் தேடி மெல்ல, மெல்ல, இடது பக்கம் திரும்பியது.